பேன் பார்க்கும் கை

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பீட்டர் டி ஹோக் வரைந்த சிறிய ஓவியம் ஒன்று உண்டு. உயரம் அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அகலம் 61 சென்டிமீட்டர். 1658–60 வாக்கில் கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்தது. ஒரு வீட்டின் உள்ளறை. சுவரோடு பதித்த பெட்டிக்கட்டில், அதற்குத் திரைச்சீலை, பக்கத்தில் தொங்கும் செம்புப் படுக்கைச்சூடாக்கி. தரையில், சின்னப் பிள்ளைகள் வெளிக்குப் போக உட்காரும் ஓட்டை வைத்த மரநாற்காலி. ஒரு நாய் நமக்கு முதுகைக் காட்டி, அடுத்த அறையின் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. இத்தனைக்கும் நடுவே ஒரு தாய். பிள்ளை மண்டியிட்டு அவள் மடியில் தலையைக் கொடுத்திருக்கிறது. அவள் பேன் பார்க்கிறாள்.

இருவர் முகத்திலும் பாசம் என்று சுட்டிக்காட்ட எதுவும் கிடையாது. தாயின் பார்வை மயிர்க்கால்களில் இருக்கிறது. பிள்ளையின் முகமோ நமக்குச் சரியாகக் கிடைப்பதே இல்லை. ஆனாலும் ஐரோப்பிய ஓவியத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான நெருக்கத்தைச் சொன்ன படங்களை வரிசைப்படுத்தினால் இதை முன்வரிசையில் வைக்கத் தயங்க வேண்டியதில்லை. முத்தமிடும் தாய்களும் மார்போடு சேர்த்தணைக்கும் தாய்களும் ஆயிரக்கணக்கில் வரையப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் நம்மைப் பார்த்துத்தான் அணைக்கிறார்கள். டி ஹோக்கின் தாய்க்கு நாம் அங்கே நிற்பதே தெரியாது. அவளுக்கு வேலை இருக்கிறது.

யதார்த்த ஓவியர்களில் கைதேர்ந்தவர்கள் அன்பை வேலைக்குள் ஒளித்து வைத்தார்கள். ஈர் உருவுவது, குல்லாயைச் சரிசெய்வது, கஞ்சியை ஊதி ஆற்றுவது, காலைக் கழுவுவது, தொட்டிலருகே விழித்திருப்பது, அப்படி விழித்திருக்க முடியாமல் தூங்கிப்போவது. இந்தப் படங்களில் கண்கள் அநேகமாகச் சந்திப்பதில்லை. எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே, கையில் இருக்கும் காரியத்தில், இரண்டு பேருடைய கவனமும் அல்லது ஒருவருடைய கவனமாவது குவிந்திருக்கும்.

டி ஹோக் 1629இல் ரோட்டர்டாமில் பிறந்தவர். அப்பா கொத்தனார், அம்மா மருத்துவச்சி. இதைப் படித்தவுடன் அவருடைய ஓவியங்கள் எல்லாவற்றுக்கும் சாவி கிடைத்துவிட்டதாகத் தோன்றும். செங்கலும் தரை ஓடும் சுவரின் காரையும் அப்பா வழி, பெண்களும் பிள்ளைகளும் அம்மா வழி என்று. அவ்வளவு எளிதாக ஓவியன் உருவாவதில்லைதான். ஆனால் அவர் அறைகளைக் கட்டிய விதத்தில் ஒரு கொத்தனாரின் ஒழுங்கு இருந்தது உண்மை. தரையின் கோடுகள் தொலைவில் ஒன்றுகூட வேண்டிய புள்ளியில் அவர் ஊசியைக் குத்தி, அதிலிருந்து நூலிழுத்துக் கோடு போட்டிருக்கிறார். அந்த ஊசித்துளைகளை அவருடைய சில ஓவியங்களில் பிற்கால ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சுவர் கட்டக் கொத்தனார் நூல் பிடிப்பதும் இதே காரியம்தான்.

அவர் 1684இல் ஆம்ஸ்டர்டாமின் மனநோயர் விடுதியில் இறந்தார் என்று கலை வரலாற்று நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. பிறகு ஆவணங்களைத் துருவியதில், இறந்தது அவரல்ல, அதே பெயர் கொண்ட மகன் என்று தெரியவந்தது. ஓவியரின் சாவு எப்போது என்பதற்குப் பதிவு இல்லை. வெயில் விழும் அறைகளில் அமைதியான தாய்களையும் பிள்ளைகளையும் வரைந்தவர் வீட்டில் இப்படியும் ஒரு பிள்ளை இருந்திருக்கிறான். இதை வைத்து ஓவியத்தின் பொருளை மாற்றிப் படிப்பது முறையல்ல. தெரிந்த பிறகு மறப்பதும் சுலபமல்ல.

ஏன் ஹாலந்து, ஏன் அந்த நூற்றாண்டு? அதுவரை ஐரோப்பாவில் தாயும் குழந்தையும் என்றால் மேரியும் இயேசுவும்தான். அந்தப் படம் தேவாலயத்துக்காக, தொழுபவனுக்காக வரையப்பட்டது. கால்வினியச் சீர்திருத்தம் டச்சுத் தேவாலயங்களின் சுவர்களை வெள்ளையடித்துக் காலி செய்தபோது ஓவியர்களுக்கு வாடிக்கையாளர்கள் மாறினார்கள். துணி வியாபாரி, கப்பல் பங்குதாரர், மது வடிப்பவர் என்று வசதியான நகரத்தார் தங்கள் வீட்டுச் சுவருக்குச் சின்னப் படங்களைச் சந்தையில் வாங்கினார்கள். வீட்டில் மாட்டும் படத்தில் வீடே வந்து உட்கார்ந்தது. மேரியின் இடத்தில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண் வந்தாள்.

அவளோடு உபதேசமும் வந்தது. யாக்கோப் காட்ஸ் என்ற டச்சுக் கவிஞர் 1625இல் திருமண வாழ்க்கையைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். கன்னி, காதலி, மணமகள், மனைவி, தாய், விதவை என்று பெண்ணின் வாழ்நாளையே பகுத்து ஒவ்வொரு பருவத்துக்கும் கடமை சொன்ன நூல். தாய் தன் பிள்ளைக்குத் தானே பால் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். சீப்பும் அன்றைய நீதிப்படங்களில் அடிக்கடி வரும். தலையை வாருவதுபோல மனத்தையும் வார வேண்டும் என்பது பாடம். ஆகவே டி ஹோக்கின் படத்துக்குப் பின்னாளில் 'தாயின் கடமை' என்று பெயர் நிலைத்ததில் வியப்பில்லை. அன்றைய டச்சு நகரத்தார் ஒருவர் அதை வாங்கி மாட்டியபோது நல்ல குடும்பத்துக்கு ஒரு விளம்பரமாகவும் நினைத்திருக்கக்கூடும்.

ஆனால் உபதேசம் அந்தப் பிள்ளையின் உடம்பை விளக்காது. மண்டியிட்ட அந்த நிலை, தன் தலையின் கனம் முழுவதையும் இன்னொருவர் மடியில் இறக்கி வைத்திருப்பது: நீதி சொல்வதற்கு இத்தனை கவனிப்பு தேவைப்பட்டிருக்காது. ஜெரார்ட் டெர் போர்க் இதே காரியத்தை 1652–53 வாக்கில் ஒரு சிறிய பலகையில் வரைந்திருக்கிறார். ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே தாயின் முகம் சீப்புக்கு மிக அருகில். உதட்டை இறுக்கிக்கொண்டு, ஒன்றும் தப்பிவிடக் கூடாது என்ற முனைப்பு. பிள்ளையின் கண் எங்கோ வெற்றிடத்தில் நிற்கிறது. பேன் பார்க்கக் குனிந்த எந்தப் பிள்ளைக்கும் வரும் அந்த மரத்துப்போன பொறுமை. டெர் போர்க் சில ஆண்டுகள் கழித்து, தன் நாய்க்குத் தெள்ளுப்பூச்சி பார்க்கும் ஒரு சிறுவனையும் வரைந்தார். அதே குனிவு, அதே முனைப்பு. அம்மாவிடம் வாங்கியதை அவன் நாயிடம் கொடுக்கிறான்.

பிள்ளையின் பங்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தாய்மையைப் போற்றும் எழுத்தில் பிள்ளை வெறும் பெறுபவர். நல்ல யதார்த்த ஓவியத்தில் அப்படியல்ல. பிள்ளைக்கு வேறு யோசனை இருக்கும். பாரிஸ் ஓவியர் ஷார்தான் 1741இல் வரைந்த 'காலை ஒப்பனை' இப்போது ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. தேவாலயத்துக்குக் கிளம்பும் நேரம். கடிகாரம் இருக்கிறது, ஜபப் புத்தகம் எடுத்து வைத்திருக்கிறது. தாய் குனிந்து மகளின் தலைக்குல்லாயைச் சரிசெய்கிறாள். மகள் அந்தச் சாக்கில் கண்ணை மட்டும் ஓட்டிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள். தாய் பார்ப்பது குல்லாயை, மகள் பார்ப்பது தன் முகத்தை. இந்த இரண்டு பார்வைகளுக்கு நடுவே கிடக்கும் சின்ன இடைவெளியில்தான் அந்தப் பெண்பிள்ளையின் மொத்த எதிர்காலமும் இருக்கிறது. அறிவுரையும் செல்லமும் ஒரே சைகைக்குள் அடங்கிய இப்படியொரு படத்தை அந்த நூற்றாண்டில் வேறு யாரும் வரைந்ததாகத் தோன்றவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு அவர் 'உணவுக்கு முன் ஜெபம்' என்ற படத்தைப் பதினைந்தாம் லூயி மன்னருக்கு வழங்கினார். தாய் பரிமாறுவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாள், சின்னது கைகூப்பி ஜெபம் சொல்கிறது, அதன் முரசு நாற்காலியில் தொங்குகிறது. லூவ்ரில் கூட்டம் கூடும் படம் அது. ஸ்டாக்ஹோம் படமே மேல்.

எண்ணெய் வண்ணம் இல்லாவிட்டால் இவை சாத்தியப்பட்டிருக்குமா என்பது நியாயமான கேள்வி. முட்டைக்கருவில் குழைத்த பழைய வண்ணம் நிமிடங்களில் உலர்ந்துவிடும். கன்னத்துக்கும் நிழலுக்கும் நடுவே உள்ள நகர்வை மெல்லிய கோடுகளால் பின்னிப் பின்னித்தான் காட்ட முடியும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஈரத்தின் மேல் ஈரத்தை இழைக்கலாம், விளிம்பைக் கரைக்கலாம், மறுநாள் வந்து திருத்தலாம், உலர்ந்தபின் கண்ணாடிபோல மெல்லிய பூச்சுகளை அடுக்கலாம். ஈயவெள்ளையில் துளி சிவப்பும் துளி காவியும் சேர்த்தால் குழந்தையின் தோல். அதே வெள்ளையில் கொஞ்சம் பச்சையோ சாம்பலோ ஏறினால் காய்ச்சல் தோல்.

டச்சு ஓவியர் காப்ரியல் மெட்சுவுக்கு அந்த இரண்டாவது கலவை தெரிந்திருந்தது. 1664–66 வாக்கில் வரைந்த அவருடைய 'நோயுற்ற குழந்தை' கையகலப் படம். 32க்கு 27 சென்டிமீட்டர். ஒரு பெண் மடியில் பிள்ளையை வைத்திருக்கிறாள். பிள்ளையின் கால்கள் துவண்டு கிடக்கின்றன. பக்கத்தில் கஞ்சிச் சட்டி, அதில் கரண்டி. பிள்ளை தின்னவில்லை என்பது சட்டியைப் பார்த்தாலே தெரிகிறது. பின்சுவரில் ஒரு வரைபடமும், சிலுவையேற்றப் படமும். 1663–64இல் ஆம்ஸ்டர்டாமைத் தாக்கிய கொள்ளைநோயில் நகரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறந்தார்கள். மெட்சு அந்த நகரத்தில் வாழ்ந்தவர்.

மடியில் துவண்ட உடல் என்றால் அன்றைய பார்வையாளருக்கு, இறந்த கிறிஸ்துவை ஏந்திய மேரி நினைவுக்கு வந்திருப்பாள். சுவரில் சிலுவையும் இருக்கிறதே. ஆனால் மெட்சு அந்தத் துயரத்தை ஊதிப் பெரிதாக்கவில்லை. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பளிச்சென்ற துணிகள். அவற்றுக்கு நடுவில் நிறமே இல்லாத ஒரு முகம். அந்தப் பெண் தாயா, செவிலியா என்றுகூடப் படம் சொல்வதில்லை. குழந்தைப் பருவம் என்ற உணர்வே பிற்காலத்தில் உருவானது என்று 1960இல் வெளிவந்த நூலில் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியெஸ் வாதிட்டார். அக்காலத்தில் பிள்ளைகள் நிறைய செத்ததால் பெற்றோர் மனத்தை ஒட்டவிடாமல் வைத்திருந்தார்கள் என்ற எண்ணமும் அதையொட்டிப் பரவியது. அந்த எண்ணத்தோடு இந்தப் படத்தின் முன் போய் நின்றால் சங்கடமாக இருக்கும்.

இங்கே பிரெஞ்சு ஓவியர் வில்லியம் பூகரோவையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழகான தாய்களையும் கொழுகொழு குழந்தைகளையும் அவரளவு வழவழப்பாக வரைந்தவர்கள் குறைவு. பணமும் புகழும் குவிந்தன. அவரைக் கேலி செய்வது எளிது. ஆனால் 1875இல் அவருடைய மகன் ஜார்ஜ் இறந்தான். மறு ஆண்டு இயேசுவின் உடலை மடியில் ஏந்திய மேரியை வரைந்தார். 1877இல் மனைவியும் கைக்குழந்தையும் அடுத்தடுத்து இறந்தார்கள். இறந்த குழந்தை மேரியின் காலடியிலும் துவண்ட தாய் அவள் மடியிலும் கிடக்கும் 'ஆறுதல் தரும் கன்னி'யை அந்த ஆண்டே வரைந்தார். துயரம் முழுக்க முழுக்க உண்மை. ஓவியத் திறனிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் அந்தப் படம் பளிங்குபோலக் குளிர்ந்து கிடக்கிறது. பத்து வயதுப் பிள்ளையும் வரையக்கூடிய ஒரு கஞ்சிச் சட்டி மெட்சுவிடம் செய்வதை பூகரோவின் அத்தனை மடிப்பு மடிப்பான ஆடைகளும் செய்யவில்லை. ஏன் என்று யோசித்தால், பூகரோவின் மேரிக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது ஒரு காரணமாகத் தெரிகிறது. அவள் கையை உயர்த்தி வானத்தைப் பார்க்கிறாள்.

அதே பிரான்சில், அதே காலத்தில், ஜான் பிரான்சுவா மில்லே ஒன்பது பிள்ளைகளுக்குத் தகப்பன். பசி தெரிந்த வீடு. லில் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய படமொன்றில் மூன்று பிள்ளைகள் வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்திருக்க, தாய் எதிரே தாழ்வான முக்காலியில் முன்னால் சாய்ந்து கரண்டியை நீட்டுகிறாள். கூட்டில் குஞ்சுகளுக்கு இரை கொடுக்கும் பறவையை நினைத்தே அவர் இதை அமைத்தார். தூரத்தில் தகப்பன் மண்வெட்டியோடு தோட்டத்தில். 1861இல் பாரிசின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோனில் வைத்த இன்னொரு படத்தில் தாய் மடியில் பிள்ளை, கையில் கஞ்சிக் கரண்டி. அதை அவள் வாயருகே கொண்டுபோய் ஊதுகிறாள். ஊதும் வாய் அழகான வாய் அல்ல. குவிந்து, கன்னத்தைக் கோணலாக்கி, முகத்தின் லட்சணத்தையே கெடுக்கும். பூகரோ தன் மாடலை ஒருபோதும் ஊதவிட்டிருக்க மாட்டார்.

யார் கை இது என்ற கேள்வி பெண்கள் தூரிகை எடுத்த பிறகே கூர்மையாயிற்று. பெர்த் மோரிசோவின் 'தொட்டில்' 1872இல் வரைந்தது. கொசுவலைபோன்ற மெல்லிய திரைக்குள் குழந்தை தூங்குகிறது. தாய் கன்னத்தில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் திரையின் ஓரத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாயின் மடங்கிய முழங்கையும் குழந்தையின் மடங்கிய கையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. மோரிசோவை இம்ப்ரஷனிஸ்டுகளோடு சேர்த்துப் பேசுவதே வழக்கம். 1874இல் அவர்களுடைய முதல் கண்காட்சியில் இந்தப் படமும் இருந்தது, விலைபோகவில்லை, குடும்பத்திலேயே தங்கி 1930இல் லூவ்ருக்குப் போயிற்று. ஆனால் பார்வையின் நாணயத்தில் இது யதார்த்த ஓவியமே.

தொட்டிலருகே உட்கார்ந்திருப்பவர் பெர்த்தின் அக்கா எட்மா. அவரும் ஓவியர். தங்கையோடு சேர்ந்து பயின்று, 1864இல் இருவரும் சலோனில் படங்களை வைத்தார்கள். 1869இல் ஒரு கடற்படை அதிகாரியை மணந்தபின் எட்மா தூரிகையை வைத்துவிட்டார். இது தெரிந்தபின் அந்த முகத்தில் பாசத்தோடு வேறொன்றும் தெரிகிறது. களைப்பா, யோசனையா, இரண்டுமா என்று பெர்த் சொல்லவில்லை. அக்காவைத் தெரிந்த தங்கையின் கை அது. சொல்லாமல் விடவும் அதற்குத் தெரியும்.

சில ஆண்டுகளில் பெர்த்துக்கே மகள் பிறந்தாள். ஜூலி. அவளுக்குப் பாலூட்ட ஒரு பெண் அமர்த்தப்பட்டாள். 1879–80 வாக்கில் அந்தப் பாலூட்டும் பெண் தோட்டத்தில் உட்கார்ந்து ஜூலிக்குப் பால் கொடுப்பதை பெர்த் வரைந்தார். அன்றைய பாரிசில் இது சாதாரணம். கிராமத்துப் பெண்கள் தங்கள் கைக்குழந்தையை வேறு யாரிடமோ விட்டுவிட்டு நகரத்தில் பால் கொடுக்க வருவார்கள். பால் கொடுக்கவென்று கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட சிசுக்கள் ஏராளமாகச் செத்ததால், 1874 டிசம்பரில் பிரெஞ்சு அரசு அதை ஒழுங்குபடுத்தச் சட்டமே கொண்டுவந்தது. கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் இந்தப் படத்தைப் பற்றி எழுதியபோது கவனிக்கவேண்டிய இடத்தைத் தொட்டார்: இது இரண்டு பெண் தொழிலாளிகள் எதிரெதிரே இருக்கும் காட்சி. ஒருத்தி பாலை விற்கிறாள், மற்றவள் விற்பதற்காகப் படம் வரைகிறாள். நடுவில் குழந்தை. வண்ணமோ புல்லும் உடையும் சதையும் ஒன்றோடொன்று கரைந்துபோகும் வேகத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. தன் பிள்ளை இன்னொருத்தியின் மார்பில் இருப்பதைப் பார்த்து வரைந்த தாய்க்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிக்கலாம். படம் ஊகத்துக்கு இடம் கொடுக்குமே தவிர விடை கொடுக்காது.

அமெரிக்கரான மேரி கசாட்டுக்குத் திருமணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. தாயையும் பிள்ளையையும் அவரளவு திரும்பத் திரும்ப வரைந்தவர்கள் சொற்பம். அவருக்காக உட்கார்ந்த பெண்ணும் குழந்தையும் எல்லா நேரமும் நிஜத் தாயும் பிள்ளையும் அல்லர். வீட்டு வேலைக்காரப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து அந்த வேடத்தில் இருந்தார்கள். இது ஏமாற்று ஆகாது. பிள்ளையைத் தூக்கிப் பழகிய கை யாருடையதாக இருந்தாலும் பிள்ளைக்குத் தெரியும்.

'குழந்தையின் குளியல்' 1893இல் வரைந்தது. சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கிறது. 1890இல் பாரிசில் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளின் பெருங்காட்சியைப் பார்த்து மயங்கிப்போன கசாட், அவற்றின் உயரத்திலிருந்து குனிந்து பார்க்கும் கோணத்தை இதில் எடுத்துக்கொண்டார். மடியில் அரைக்குத் துணி சுற்றிய சிறுமி. ஒரு கை அவள் இடுப்பைச் சுற்றி அழுத்திப் பிடித்திருக்கிறது, மறு கை தண்ணீர்த் தொட்டியில் அவள் பாதத்தைத் தடவிக் கழுவுகிறது. இரண்டு தலைகளும் ஒட்டினாற்போலக் குனிந்து தண்ணீரையே பார்க்கின்றன. சிறுமி ஒரு கையைத் தாயின் முழங்காலில் ஊன்றியிருக்கிறாள். விழுந்துவிடாமல் இருக்க. டி ஹோக்கின் பேன் படத்துக்குப் பின்னே காட்ஸின் உபதேசம் இருந்ததுபோல, இதற்குப் பின்னே பாஸ்தர் காலத்து ஐரோப்பா இருக்கிறது. கிருமியைப் பற்றித் தெரிந்துவிட்டது, காலரா அப்போதும் வந்துபோனது, பிள்ளைகளை அடிக்கடி குளிப்பாட்டுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உபதேசம் மாறுகிறது, குனிவு மாறவில்லை.

இந்த வரிசையில் நார்வேக்காரர் கிறிஸ்டியன் குரோக்தான் முரட்டு யதார்த்தவாதி. டென்மார்க்கின் வடமுனையில் இருக்கும் ஸ்காகன் என்ற மீனவர் ஊருக்கு 1879இல் முதல்முறை போனவர், கைஹெட என்ற குடும்பத்தாரைப் பல ஆண்டுகள் வரைந்தார். கிழவர், கிழவி, மருமகள், பிள்ளைகள் என்று. 1883இல் அவர் வரைந்த 'தூங்கும் தாய்' பெர்கனில் இருக்கிறது. தொட்டிலருகே உட்கார்ந்தவாக்கிலேயே தாய் தூங்கிப்போய்விட்டாள். பின்னிக்கொண்டிருந்த கம்பளிப் பின்னலும் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளையும் தூக்கத்தில். தொட்டிலை ஆட்டவேண்டும், பின்னலையும் முடிக்கவேண்டும் என்று இரண்டு வேலைகளுக்கு நடுவே ஒரு உடம்பு கவிழ்ந்துவிட்டது.

தூங்கும் தாயை வரைந்த மற்றவர்கள் அந்தத் தூக்கத்தில் அமைதியைக் கண்டார்கள். குரோக் கண்டது சோர்வை. இரண்டு ஆண்டுகள் கழித்து, விடிய விடியத் தைத்துவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன்னே தூங்கிப்போன ஒரு இளம்பெண்ணை வரைந்தார். 1889இல் கிறிஸ்டியானியாவின் (இன்றைய ஓஸ்லோ) பெரிய வீதியில், பனியில், இலவச ரொட்டிக்காகக் கையை நீட்டி நெருக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் பெரிய கித்தானில் வரைந்தார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவர் தாயைத் தனியாகப் பிரித்துப் பீடத்தில் வைக்கவில்லை என்பது விளங்கும். தாயின் களைப்பும் தையற்காரியின் களைப்பும் அவருக்கு ஒரே கணக்கில் வருகின்றன. பாசத்தைப் பாட மறுத்த இந்தப் பிடிவாதமே அவருடைய தாய்க்கு ஒரு தனி மரியாதையைக் கொடுக்கிறது.

குரோக்கைத் தம் வழிகாட்டிகளில் ஒருவராகக் கொண்ட இளைஞர் எட்வர்ட் மங்க், இந்த யதார்த்தம் எங்கே முறிகிறது என்பதைக் காட்டினார். மங்கின் தாய் 1868இல் காசநோயில் இறந்தார். அக்கா சோஃபி 1877இல் அதே நோயில் போனாள், 15 வயதில். 1885–86இல் 'நோயுற்ற சிறுமி'யை வரைந்தார். தலையணையில் சாய்ந்த சிறுமி. அருகில் தலையைத் தொங்கவிட்ட பெண், தாயின் இடத்தில் நின்று வளர்த்த சித்தி. இங்கேயும் கண்கள் சந்திக்கவில்லை. ஆனால் கைகளுக்கு வேலையில்லை. சீப்பும் கரண்டியும் பாதத்தைக் கழுவும் தண்ணீரும் இனி உதவாது. இருவர் கைகளும் சேரும் இடத்தில் வண்ணம் குழம்பிக் கட்டியாகிக் கிடக்கிறது. அது விரல்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மங்க் பூசிப் பூசிச் சுரண்டியிருக்கிறார். 1886 இலையுதிர்காலக் கண்காட்சியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் படத்தை மங்க் குரோக்குக்கே கொடுத்துவிட்டு, பிறகு வாழ்நாளெல்லாம் அதையே திரும்பத் திரும்ப வரைந்தார்.

கசாட் 'குழந்தையின் குளியல்' வரைந்த அதே 1893ஆம் ஆண்டு சிகாகோவில் உலகப் பொருட்காட்சி. பெண்கள் மண்டபத்துக்காக கசாட் பெரிய சுவரோவியம் ஒன்று செய்து அனுப்பினார். அது பிற்பாடு காணாமல் போயிற்று. அதே பொருட்காட்சிக்குத் திருவிதாங்கூரிலிருந்து ராஜா ரவிவர்மாவின் பத்து ஓவியங்கள் போய்ப் பரிசும் வாங்கின. அவற்றில் ஒன்று 'அதோ அப்பா வருகிறார்'. இந்தியாவில் ஐரோப்பிய முறை எண்ணெய் வண்ணம் வேரூன்றிக்கொண்டிருந்த காலம். திருவனந்தபுரம் அரண்மனையில் மதுரை ராமசாமி நாயுடு எண்ணெய் வண்ணம் சொல்லித்தர மறுக்க, அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரகசியமாக வந்து உதவினார் என்பது ரவிவர்மாவின் இளமையைப் பற்றி வழங்கும் கதை.

படத்தில் இருப்பவர் ஓவியரின் மகள் மகாபிரபா, தன் மகனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். படத்துக்கு வெளியே எங்கோ வந்துகொண்டிருக்கும் தகப்பனைச் சுட்டிக்காட்டுகிறார். தாய், பிள்ளை இருவர் கவனமும் அங்கே. ரவிவர்மாவின் சமூகத்தில் வழங்கிய மருமக்கள் தாய முறையில் பிள்ளைகள் தறவாடு என்ற தாய்வீட்டுக் கூட்டுக்குடும்பத்துக்கு உரியவர்கள், தகப்பன் வந்துபோகிறவர். அந்தச் சமூகத்தில், அந்த முறையையே நீதிமன்றங்களும் சீர்திருத்தக்காரர்களும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், மனைவியும் பிள்ளையும் கணவனுக்காகக் காத்திருக்கும் குடும்பப்படம் வரையப்பட்டு அமெரிக்காவுக்குப் போகிறது. ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பேசியிருக்கிறார்கள், நியாயமாகவே. காட்ஸின் உபதேசத்தைப்போல இதிலும் ஒரு போதனை உண்டு. இதில் தகப்பனைப் படத்துக்குள் கொண்டுவராமலேயே நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

இந்த வாதத்தில் பார்வையெல்லாம் சுட்டும் விரலின் மேல் போய்விடுகிறது. சுட்டும் கை சிகாகோவில் பார்க்க வருகிறவர்களுக்காக நீட்டிய கை. நாடகமேடையில் பழகிய சைகை அது, ரவிவர்மாவின் புராண நாயகிகளிடமும் இதே பாணியைக் காணலாம். பிள்ளையைத் தாங்கும் கைக்கு அந்த நாடகம் தெரியாது. அதன் மேல் ஒரு பிள்ளையின் முழுக்கனமும் இருக்கிறது, அந்தக் கனத்துக்கு ஏற்றபடி உடம்பு ஒரு பக்கம் ஒடிந்து ஈடுகொடுத்திருக்கிறது. ரவிவர்மா சீதையையும் தமயந்தியையும் வரைந்தபோது அவருக்கு இந்தக் கனம் கிடைக்கவில்லை. சொந்த மகளையும் பேரனையும் வைத்து வரைந்த படத்தில் கிடைத்திருக்கிறது. இந்தப் படம் இப்போது கவடியார் அரண்மனைச் சேகரிப்பில் உள்ளது. அச்சுப் பிரதிகளில் பார்ப்பவர்கள் விரலை விட்டுவிட்டுத் தாங்கும் கையைக் கவனிக்கலாம்.